பலகையின் மீதே எழுதிவிடுங்கள்: வீட்டுச் சாதன மின்சுற்றுகளை வடிவமைப்போருக்கு ஒரு திறந்த மடல்

வீட்டு உபயோகச் சாதனங்களின் மின்சுற்றுப் பலகைகளை வடிவமைக்கும் பொறியாளர்களுக்கு வணக்கம்.

தொட்டி துருப்பிடித்தோ, பேரிங் தேய்ந்தோ, திரை உடைந்தோ ஒரு சாதனம் கழிவுக்குப் போகும்போது, அந்தக் கோளாறுக்குச் சற்றும் தொடர்பில்லாத அதன் மின்சுற்றுப் பலகை பெரும்பாலும் நல்ல நிலையிலேயே உடன் போகிறது. 2022ஆம் ஆண்டில் உலகெங்கும் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவு உருவானதாகவும், அதில் 22.3 விழுக்காடு மட்டுமே முறையாகச் சேகரிக்கப்பட்டு மறுசுழற்சி செய்யப்பட்டதாகவும் ஐ.நா. அமைப்புகள் 2024இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. அந்த மறுசுழற்சியிலும் பலகைகள் நொறுக்கப்பட்டு, உருக்கப்பட்டு, செம்பும் தங்கமுமாகத்தான் திரும்பி வருகின்றனவே தவிர, வேலை செய்துகொண்டிருந்த ரிலேயோ (சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தைத் திறந்து மூடும் மின்காந்தச் சுவிட்ச்) மின்மாற்றியோ ஒருபோதும் அப்படியே திரும்புவதில்லை. அவற்றை அப்படியே எடுத்து மீண்டும் பயன்படுத்த முனைவோரில் ஒருவனாக இதை எழுதுகிறேன். எந்த முனையில் என்ன மின்னழுத்தம் வரும், பலகையின் எந்தப் பகுதி வீட்டு மின்சாரத்தோடு நேரடியாக இணைந்திருக்கிறது என்பவையெல்லாம் வரைபடம் போடும்போதே உங்களுக்குத் தெரியும். அவற்றைப் பலகையின் மீதே அச்சிட்டுவிடுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

இது புதிய வழக்கம் அன்று. பல தொலைக்காட்சிகளின் மின்வழங்கிப் பலகைகளில் கனெக்டரின் ஒவ்வொரு முனைக்கு அருகிலும் 12 வோல்ட், காத்திருப்பு 5 வோல்ட் (தொலைக்காட்சி அணைந்திருக்கும்போதும் வருவது), கிரவுண்ட், மின்வழங்கியை இயக்கும் முனை, பின்னொளியை இயக்கும் முனை என்று வெள்ளை மையில் சுருக்கமாக எழுதியிருப்பார்கள். அப்படிப்பட்ட பலகை கைக்குக் கிடைத்தால், காத்திருப்பு மின்னழுத்தம் வருகிறதா என்று அளந்துவிட்டு, அதையே ஒரு மின்தடை வழியாக இயக்கும் முனைக்குக் கொடுத்தால், பெரும்பாலான பலகைகளில் 12 வோல்ட் வந்துவிடும். வேலைமேசைக்கு ஒரு நல்ல மின்வழங்கி தயார். அதே அறிவைத் துணி துவைக்கும் இயந்திரத்தின் பலகையிலிருந்து பெறுவதற்கு ஒரு மாலைப் பொழுது முழுவதும் போய்விடுகிறது.

அந்த மாலைப் பொழுது எப்படிக் கழிகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதலில் ரிலேயின் மேல்மூடியைப் படிக்கிறோம். சுருளுக்கு 12 வோல்ட், தொடுமுனைக்கு 250 வோல்ட் 10 ஆம்பியர் என்று அது தானே சொல்லிவிடும். அதன் சுருளிலிருந்து செல்லும் செம்புத் தடத்தைப் பின்தொடர்ந்தால், அநேகமாக ரிலேக்களை இயக்கும் யூஎல்என்2003 என்ற பதினாறு கால் ஐசியில் (சில்லில்) போய் நிற்கும். அதன் 8ஆம் கால் கிரவுண்ட், 9ஆம் கால் ரிலேக்களின் மின்வழங்கலோடு இணைவது, 1 முதல் 7 வரை உள்ளீடுகள். அந்த உள்ளீடுகளுக்கும் பலகையின் மூளையான முதன்மை மைக்ரோகன்ட்ரோலருக்கும் இடையிலுள்ள தடங்களை வெட்டிவிட்டு, நம்முடைய கன்ட்ரோலரிலிருந்து 5 வோல்ட் கொடுத்தால், உள்ளிருக்கும் நிரல் பூட்டப்பட்டிருந்தாலும் ரிலேக்கள் ஒவ்வொன்றாக ‘டிக்’ என்று சொல்லுக்குக் கட்டுப்படும். ஐசியின் எண் தெரிந்திருந்ததால் மட்டுமே இது முடிந்தது. அந்த எண்ணைத் தேய்த்து அழித்துவிட்டு அனுப்பும் வழக்கம் உங்களில் சிலரிடம் இருக்கிறது. போட்டி நிறுவனம் முனைந்தால் சில நாட்களில் கண்டுபிடித்துவிடும் ஒன்றை, பழுது பார்ப்பவரிடமிருந்து மட்டும் மறைப்பதால் என்ன லாபம் என்று எனக்குப் புரியவில்லை.

இதுவரை சொன்னது நேரத்தைப் பற்றியது. இனிச் சொல்வது உயிரைப் பற்றியது. மின்மாற்றியும் ஒளியிணைப்பானும் (கம்பித் தொடர்பின்றி ஒளியால் சைகையைக் கடத்தும் உறுப்பு) கொண்டு வீட்டு மின்சாரத்திலிருந்து முற்றிலும் பிரிக்கப்பட்ட பலகையில், இரு பகுதிகளுக்கும் நடுவே செம்பே இல்லாத ஒரு பட்டை தெளிவாகத் தெரியும். சிலவற்றில் அந்த இடத்தை அறுத்தே விட்டிருப்பார்கள். ஆனால் செலவைக் குறைப்பதற்காக எத்தனையோ பலகைகளில் இந்தப் பிரிப்பு இருப்பதில்லை. மின்னோட்டத்தை மட்டுப்படுத்த, வீட்டு மின்சாரத்தில் நேரடியாக இணைக்கத்தக்க எக்ஸ்2 வகை மின்தேக்கி ஒன்று, மின்னழுத்தத்தை ஓர் அளவில் நிறுத்த ஒரு ஜீனர் டயோடு, அவ்வளவுதான். 230 வோல்ட், 50 ஹெர்ட்சில் 1 மைக்ரோஃபாரட் மின்தேக்கி சுமார் 70 மில்லியாம்பியர் வரை விடும். சிறு கட்டுப்பாட்டுச் சுற்றுக்கு அதுவே போதும். டிரையாக் (மாறுமின்னோட்டத்தைத் திறந்து மூடும் மின்னணுச் சுவிட்ச்) கொண்டு மோட்டாரை இயக்கும் பலகைகளில் நிலைமை இன்னும் ஏமாற்றுவது. எதிர்மின்னோட்டத்தால் டிரையாக்கின் கேட் என்ற கட்டுப்பாட்டு முனையைத் தூண்டுவது வசதியானது என்பதால், அவற்றில் பலவற்றில் 5 வோல்ட் நேர்முனைத் தடமே வீட்டு மின்சாரத்தின் ஒரு கம்பியோடு நேராக இணைக்கப்பட்டிருக்கும். மல்டிமீட்டரின் இரு முனைகளையும் வைத்துப் பார்ப்பவருக்கு 5 வோல்ட் மட்டுமே தெரியும். அந்த 5 வோல்ட் முழுவதும் தரையிலிருந்து 230 வோல்ட் உயரத்தில் நிற்கக்கூடும் என்பது தெரியாது. அதை நம்பி ஒருவர் கணினியின் யூஎஸ்பி கம்பியை இணைத்தால், கணினியும் போகும், அவருக்கு ஷாக்கும் அடிக்கும். கம்பி நியூட்ரல்தானே என்று சமாதானம் சொல்ல முடியாது. இரு முனைப் பிளக்கைத் திருப்பிச் செருகினால் அதுவே மின்னேறிய கம்பியாகிவிடும்.

மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, குறைந்த மின்னழுத்தப் பகுதிக்கும் பிளக்கின் ஒவ்வொரு முனைக்கும் இடையே மின்தடையையும் டயோடு அளவீட்டையும் பார்த்து இதை ஓரளவு கண்டுகொள்ளலாம். ஓரளவுதான். எல்லைக் கோடு ஒன்றை அச்சிட்டு, இப்பக்கம் வீட்டு மின்சாரம் என்று எழுதிவிட்டால், அல்லது பிரிப்பே இல்லாத பலகையில் முழுவதும் மின்னேறியது என்று எழுதிவிட்டால், இந்த ஐயத்துக்கே இடமில்லை. பலகையில் வேறெதற்கும் இடமில்லாமல் போனாலும் இந்த ஒன்றுக்கு இடம் ஒதுக்குங்கள். மைக்ரோவேவ் அடுப்பின் உயர் மின்னழுத்தப் பகுதியை மட்டும் நான் இந்தக் கோரிக்கையில் சேர்க்கவில்லை. அதை யாரும் மறுபயன்பாட்டுக்கு எடுக்கவே கூடாது என்பது என் கருத்து.

எண்களைப் பற்றி ஒரு சொல். பலகையில் மையால் அச்சாகியிருப்பது பெரும்பாலும் வெற்றுப் பலகையின் எண்; உறுப்புகள் பொருத்தப்பட்ட பலகையின் எண் தனியாக ஒரு காகித ஒட்டியில் இருக்கும். வெப்பத்திலும் ஈரத்திலும் முதலில் அழிவது அந்த ஒட்டிதான். ஒரே வெற்றுப் பலகை பல மாடல்களில் போவதாலும், எட்டுக் கால் நினைவக ஐசியில் உள்ள அமைப்புத் தரவே எந்த மாடல் என்பதைத் தீர்மானிப்பதாலும், ஒட்டி போனபின் அந்தப் பலகை வேறொரு இயந்திரத்துக்குப் பொருந்துமா என்று சொல்ல வழியே இல்லாமல் போகிறது. ஒட்டியில் உள்ளதை லேசரால் பொறியுங்கள். மாடலை மாற்றி அமைக்கும் பொத்தான் வரிசை இருந்தால் அதைச் சேவைக் கையேட்டில் எல்லோருக்கும் திறந்து வையுங்கள்.

ஈரத்துக்கு அஞ்சி பலகை முழுவதையும் பிசினில் மூழ்கடிப்பதன் தேவையை நான் மறுக்கவில்லை. ஆனால் ரிலே, மின்தேக்கி போன்ற தேயும் உறுப்புகள் இருக்கும் பகுதிக்கு மெல்லிய பூச்சு போதுமா என்று ஒருமுறை சோதித்துப் பாருங்கள்.

குறியீடுகளை அச்சிட்டால் பயிற்சியற்றவர்கள் கை வைப்பார்கள் என்று உங்கள் சட்டப் பிரிவு சொல்லக்கூடும். கை வைப்பவர்கள் இப்போதும் வைத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள், எது மின்னேறிய பகுதி என்று தெரியாமலே. ஐரோப்பிய ஒன்றியம் 2021 மார்ச் முதல் துணி துவைக்கும் இயந்திரங்களின் மின்சுற்றுப் பலகைகளைத் தொழில்முறைப் பழுதுபார்ப்போருக்கு, அந்த மாடலின் கடைசி இயந்திரம் சந்தைக்கு வந்தபின் குறைந்தது பத்தாண்டுகளுக்கு உதிரிபாகமாகக் கிடைக்கச் செய்யவும், இணைப்பு வரைபடங்களை அவர்களுக்குத் தரவும் வேண்டும் என்று விதித்திருக்கிறது. ஆகவே அந்தச் சந்தைக்கு அனுப்புவோரிடம் இந்த விவரங்களில் பல ஏற்கெனவே தொகுக்கப்பட்டு இருக்கும். அடுத்த பலகையின் வரைவு ஒப்புதலுக்கு வரும்போது, அச்சு அடுக்கில் எல்லைக் கோடும் கனெக்டர் முனைகளின் மின்னழுத்தமும் இருக்கின்றனவா என்று சரிபார்க்கும் ஒரு வரியை உங்கள் சோதனைப் பட்டியலில் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பழைய பலகைகளோடு பழகிவரும் ஒருவன்