கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றவருக்கு ஒரு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

நேற்றிரவு ஒன்பது மணிக்குச் சற்று முன்பு எங்கள் குடியிருப்பின் கடைசி வீட்டுக்கும், இணையப் படிவம் ஏற்கப்பட்டுப் பட்டியலில் பெயர் சேர்ந்துவிட்டது என்ற உறுதிச் செய்தி வந்து சேர்ந்தது. அந்த வீட்டுப் பாட்டி, கைப்பேசியை இரு கைகளாலும் பிடித்தபடி மூன்று மாடி ஏறிவந்து, "இது அதுதானா, சரியாகப் படித்துச் சொல்லப்பா" என்று நீட்டினார். திரையில் இருந்த இரண்டு வரிகளையும் மூன்று முறை படித்துக் காட்டிய பிறகுதான் அவர் படிக்கட்டில் உட்கார்ந்தார். அந்தப் படிவத்தை இணையத்தில் நிரப்பி அனுப்ப நாங்கள் திணறிய கடந்த ஆறு வாரங்களில் என்ன நடந்தது, எதனால் நடந்தது என்பது இதைப் படிக்கும் உங்கள் எல்லோருக்கும் தெரியும். அதை மறுபடி எழுதி யாரையும் குறைகூற இன்று மனம் வரவில்லை. பட்டியலில் எல்லாப் பெயர்களும் இருக்கின்றன. அந்த நிம்மதி பழகிப்போவதற்குள் நன்றியை எழுதிவிட வேண்டும் என்றே உட்கார்ந்திருக்கிறேன்.

பலருக்கு ஒரே மூச்சில் நன்றி சொல்ல வேண்டியிருக்கிறது. தனித்தனியாகச் சொல்லாததைப் பொறுத்தருள வேண்டுகிறேன். தம் வீட்டு இணைய இணைப்பை மாலை வேளைகளில் எங்களோடு பகிர்ந்துகொண்ட எதிர்க் கட்டடத்துக் குடும்பத்தினருக்கும், வைஃபையின் 5 கிகாஹெர்ட்ஸ் அலை எங்கள் கான்கிரீட் சுவர்களைத் தாண்டத் திணறுவதையும், 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை வேகம் குறைந்தாலும் உள்ளறை வரை எட்டுவதையும் மாடி மாடியாக ஏறி இறங்கிச் சோதித்து ரவுட்டருக்குச் சரியான இடம் கண்டுபிடித்த மாணவர்களுக்கும், 2025 அக்டோபர் 14-ஆம் நாள் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்ததையொட்டி அலுவலகங்கள் ஒதுக்கிய கணினிகளில் ஒன்பதைக் கேட்டு வாங்கி, பழைய தரவுகளை அழித்து, சுழலும் வன்தட்டுகளுக்குப் பதிலாக வேகமான எஸ்எஸ்டி சேமிப்பகம் பொருத்தி, லினக்ஸ் என்னும் இலவச இயங்குதளத்தை நிறுவித் தந்த பழுதுபார்ப்பாளர்களுக்கும், தங்கள் ரீசார்ஜில் மிச்சமிருந்த டேட்டாவை ஹாட்ஸ்பாட் வழியாக அக்கம்பக்கத்து வீடுகளுக்குத் திறந்துவிட்ட பிள்ளைகளுக்கும் எங்கள் குடியிருப்பு கடன்பட்டிருக்கிறது.

இருப்பினும், இந்த மடலை எழுதத் தூண்டியது இவற்றில் எதுவும் இல்லை. பொது நூலகத்தின் கணினி மேசைக்குப் பொறுப்பான ஓர் இளம்பெண் செய்த காரியம் அது. அதைக் காரியம் என்று சொல்வதைவிட, செய்யாமல் விட்டது என்று சொல்வதே பொருந்தும். தம் பெயரைக் குறிப்பிட வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டதால் குறிப்பிடவில்லை.

நான் அங்கே உதவி கேட்டுப் போகவில்லை. வழக்கம்போல் நாளிதழ் படிக்கத்தான் போயிருந்தேன். மகனின் பழைய கைப்பேசி அன்று என்னிடம் இருந்தது. அறிவிப்புத் தாளையும் திரையையும் மாறி மாறிப் பார்ப்பதும் எதையும் தொடாமல் கீழே வைப்பதுமாக இருந்ததை அவர் கவனித்திருக்க வேண்டும். அருகில் வந்து, "அந்தப் படிவம்தானே, ஐயா?" என்றார். நான் உடனே கைப்பேசியை அவரிடம் நீட்டினேன். எனக்கு இதுவரை உதவிய எல்லோருமே, என் மகன் உட்பட, அப்படித்தான் வாங்கி, கண் இமைக்கும் நேரத்தில் எதையெதையோ தட்டிவிட்டு, 'முடிந்தது' என்று திருப்பித் தந்திருக்கிறார்கள். இவர் வாங்கவில்லை. இரு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு என் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றார். "நீங்களே அழுத்துங்கள், ஐயா. எங்கே என்று நான் சொல்கிறேன்."

உண்மையை மறைக்காமல் எழுதுகிறேன்: எனக்குக் கோபம் வந்தது. அவர் கையில் கொடுத்தால் ஐந்து நிமிடத்தில் முடிகிற வேலைக்கு அன்று ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆனது, அப்படியும் முடியவில்லை. நான் ஒவ்வோர் எழுத்தாகத் தேடுவதற்குள் பக்கம் காலாவதியாகி, இரண்டு முறை தொடக்கத்திலிருந்து வரவேண்டியதாயிற்று. புகைப்படத்தின் அளவு கூடுதல் என்று படிவம் மறுத்தது. ஓடிபி, எப்போதோ பதிவு செய்த மகனின் எண்ணுக்குப் போனது. மகனோ வேலையில் இருந்தான். அவன் எடுத்துப் பார்த்துச் சொல்வதற்குள் அதன் ஆயுள் முடிந்துவிட்டது. ஒரு வீட்டில் நான்கு பேருக்கு ஓர் எண் இருந்தால், சம்பாதிக்கப் போகிறவரோடு அந்த எண்ணும் வெளியே போய்விடுகிறது என்பதைப் படிவத்தை வடிவமைத்தவர்கள் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. இத்தனைக்கும் நடுவே அந்தப் பெண்ணின் கைகள் ஒருமுறைகூட முன்னால் வரவில்லை. குரலிலும் அவசரம் ஏறவில்லை.

அன்று அவர் சொன்ன ஒரு வாக்கியம்தான் என் அச்சத்தின் வேரைத் தொட்டது. "கடைசியில் 'சமர்ப்பி' என்று ஒரு பொத்தான் வரும், ஐயா. அதை அழுத்தும் வரை இந்தப் படிவம் ஏற்கப்பட்டதாகாது. தவறாக எழுதினால் அழித்துக்கொள்ளலாம், பின்னால் போகலாம்." நான் இளமையில் அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோத்தவன். கண்ணாடிப் பிம்பமாகக் கிடக்கும் ஈய எழுத்துகளைப் பார்க்காமலே கை எட்டி எடுக்கும் அளவுக்குத் தேர்ந்தவன் என்ற கர்வமும் உண்டு. அந்தத் தொழில் என் மனத்தில் பதித்துவிட்ட பயம் ஒன்றுதான்: அச்சேறிய பிழையைத் திரும்ப எடுக்க முடியாது. திரையைத் தொட்டால் அச்சேறிவிடும் என்றே இத்தனை ஆண்டுகள் நம்பியிருக்கிறேன். "அப்படியானால் இது புரூஃப்தானே அம்மா, மெய்ப்பு?" என்றேன். மெய்ப்பு என்றால் என்ன என்று அவர் கேட்டார். அச்சிடுவதற்கு முன் ஒரு தாள் எடுத்துப் பிழை பார்த்துத் திருத்துவோம் என்று விளக்கினேன். அடுத்த நாள் போனபோது, வேறொரு முதியவரின் நாற்காலிக்குப் பின்னால் அவர் கைகட்டி நின்றுகொண்டு, "பயப்படாதீர்கள் ஐயா, இது மெய்ப்புதான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் எழுத்துக் கோத்த காலத்துச் சொல் ஒன்றுக்கு இப்படி ஒரு வேலை கிடைக்கும் என்று நினைத்ததே இல்லை.

மூன்றாம் நாள் என் படிவம் போய்ச் சேர்ந்தது. ஏன் கைகளைக் கட்டிக்கொள்கிறார் என்று அதற்குப் பிறகுதான் கேட்கத் துணிந்தேன். தம் பாட்டிக்கு மூன்று ஆண்டுகள் எல்லாவற்றையும் தாமே செய்து கொடுத்ததாகவும், வேலைக்காக வேறு நகரத்துக்கு வந்த பிறகு பாட்டியால் ஒரு குறுஞ்செய்தியைக்கூடத் திறக்க முடியவில்லை என்றும் சொன்னார். பாட்டியிடம் ஆசையோடு செய்ததை இங்கே செய்யக் கூடாதென்று தமக்கே போட்டுக்கொண்ட கட்டு அது.

அவரோடு பேசிய பிறகு, ஐ.நா. அமைப்பான பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் 2024-ஆம் ஆண்டுக் கணக்கை நூலகக் கணினியில் படித்துப் பார்த்தேன். உலக அளவில் நகரங்களில் 83 விழுக்காட்டினரும் ஊரகங்களில் 48 விழுக்காட்டினரும் இணையத்தைப் பயன்படுத்துகிறார்கள் என்கிறது அது. நகரத்தில் பிரச்சினை தீர்ந்துவிட்டது என்று பலர் நினைப்பதற்கு அந்த 83 போதும். ஆனால், கடந்த மூன்று மாதங்களில் எங்கிருந்தாவது, எந்தக் கருவியிலாவது இணையத்தைப் பயன்படுத்தியவர் எவரும் அந்தக் கணக்கில் பயனரே. பேத்தியின் காணொளியை மகனின் கைப்பேசியில் பார்த்த நானும் ஆறு வாரங்களுக்கு முன்பே உள்ளே இருந்தவன்தான்! 2020-இல் பள்ளிகள் மூடப்பட்டபோது குறைந்தது 46 கோடியே 30 இலட்சம் பிள்ளைகளுக்குத் தொலைவழிக் கல்வி எட்டவில்லை என்று யுனிசெஃப் மதிப்பிட்டது. ஒரே கைப்பேசியில் முறைவைத்துப் பாடம் கேட்ட என் பேரப்பிள்ளைகள் இருவரும் அந்தத் தொகையில் சேர்க்கப்பட்டார்களா என்று என்னால் இன்றும் தீர்மானிக்க முடியவில்லை.

விலையைப் பற்றியும் ஒன்று சொல்லிக்கொள்கிறேன். வளரும் நாடுகளில் அடிப்படை இணையச் சேவையின் மாதச் செலவு, தலைக்குரிய சராசரி மாத வருமானத்தில் 2 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்று ஐ.நா.வின் அகலப்பட்டை (பிராட்பேண்ட்) ஆணையம் 2018-இல் இலக்கு வைத்தது. 2025-க்குள் எட்ட வேண்டிய இலக்கு அது. நல்ல இலக்குதான். ஆனால் சராசரி என்பது நாட்டின் சராசரி. எங்கள் மாடிப்படியில் அந்தச் சராசரி வருமானத்தை எட்டியவர் எவரும் இல்லை. வருமானம் அதில் பாதியானால், அதே கட்டணம் நான்கு விழுக்காடாகிவிடுகிறது.

நன்றி மடலில் இவ்வளவு தூரம் விலகி வந்ததற்கு மன்னிக்கவும். சொல்ல வந்தது என் கடனைப் பற்றி. என் படிவம் முடிந்த வாரத்திலேயே அண்டை வீட்டாரை ஒவ்வொருவராக நூலகத்துக்கு அழைத்துச் செல்லத் தொடங்கினேன். முதல் நாளே, கடைசி வீட்டுப் பாட்டி தயங்கியதும் பழக்க தோஷத்தில் கைப்பேசியை அவரிடமிருந்து வாங்கிவிட்டேன். மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து மெல்ல ஓர் இருமல் கேட்டது. திருப்பிக் கொடுத்துவிட்டேன். கைகளைக் கட்டிக்கொண்டு நிற்பது எவ்வளவு கடினம் என்பதும், ஐந்து நிமிட வேலையை ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டு நிற்கும் பொறுமை எத்தகையது என்பதும் அப்போதுதான் உறைத்தது.

ஒன்பது கணினிகளும் இப்போது கீழ்த்தளத்து அறையில் இருக்கின்றன. எல்லாவற்றிலும் தமிழில் தட்டச்சு செய்வதற்கான தமிழ்99 விசைப்பலகை முறையை அமைத்தாயிற்று. 'கு'வுக்கும் 'கூ'வுக்கும் தனித்தனி ஈய எழுத்துத் தேடிய என் விரல்கள், 'க'வைத் தட்டி 'உ'வைத் தட்டினால் 'கு' வந்து நிற்பதை இன்னும் நம்ப மறுக்கின்றன. இனி ஞாயிறுதோறும் காலை பத்து மணி முதல் ஒரு மணி வரை நான் அங்கே இருப்பேன். உடல் இடம் கொடுக்கும் வரை இதை நிறுத்துவதில்லை என்று அந்தப் பெண்ணிடம் வாக்குக் கொடுத்திருக்கிறேன். கேட்டதற்கெல்லாம் பதில் சொல்வேன், யாருடைய கைப்பேசியையும் வாங்க மாட்டேன். முதல் ஞாயிறுக்குக் கடைசி வீட்டுப் பாட்டி இடம் பிடித்துவிட்டார்; தங்கைக்குப் புகைப்படம் அனுப்பக் கற்க வேண்டுமாம். நான்காவது கணினியில் மட்டும் ஒரு விசை அழுந்தவில்லை. உங்கள் வீட்டில் உபரி விசைப்பலகை இருந்தால் வரும்போது கொண்டுவாருங்கள்.

நன்றியுடன்,
மூன்றாம் மாடியில் வசிக்கும் பழைய அச்சுக்கோப்பாளன்