குளிர்பான மிஷினில் பாட்டில்கள் உறைந்தது குறித்துப் பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர் அனைவருக்கும் வணக்கம்.

செவ்வாய்க்கிழமை காலை மைதானத்தை ஒட்டிய வராண்டாவில் நடந்தது பற்றி உங்களில் பலருக்கு அன்று மதியமே வாட்ஸ்அப்பில் செய்தி வந்திருக்கிறது. "ஸ்கூல்ல மிஷின் வெடிச்சிடுச்சாமே" என்று பதறிப்போய்ப் பலர் அலுவலகத்துக்கு போன் செய்தீர்கள். முதலில் அதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். மிஷின் வெடிக்கவில்லை. அதன் உள்ளே இருந்த ஒரு சோடா கேன் உறைந்து பிளந்துவிட்டது. எந்தப் பிள்ளைக்கும் ஒரு கீறல்கூட இல்லை. மிஷினின் பிளக்கைப் பிடுங்கிவிட்டோம். அதன் பிறகு சோதனைக்காக ஓடவிட்டதைத் தவிர, பிள்ளைகளுக்காக அது ஓடவில்லை.

நடந்தது இதுதான். காலைப் பயிற்சி முடித்து வந்த ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் இரண்டு பத்து ரூபாய் காசு போட்டு ஒரு பாட்டில் சோடா எடுத்திருக்கிறான். பாட்டில் வெளியே வந்தபோது உள்ளே தண்ணீர் மாதிரிதான் இருந்தது. மூடியைத் திருகியதும் மேலிருந்து கீழாக வெள்ளையாக உறைந்துகொண்டே போய், நுரை பொங்கிச் சட்டை நனைந்துவிட்டது. அடுத்து நின்ற மாணவிக்குக் கிடைத்த கேனின் அடிப்பக்கம் உப்பி வெளியே தள்ளியிருந்தது. அவள் அதைத் திறக்கவில்லை. நேரே உடற்கல்வி ஆசிரியரிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் ஓடிவந்து பிளக்கைப் பிடுங்கி, பிள்ளைகளை விலக்கி நிறுத்தினார். அந்த நேரத்தில்தான் உள்ளே ஒரு கேன் 'டப்' என்று பிளந்தது. அந்தப் பெண் பிள்ளையின் பெற்றோருக்கு என் நன்றி. உப்பிய டப்பாவைத் திறக்கக் கூடாது என்று வீட்டில் யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறீர்கள்.

மூடியைத் திறந்ததும் சோடா உறைந்ததைப் பார்த்த சில பிள்ளைகள் பயந்துவிட்டார்கள். உள்ளே ஏதோ மருந்து கலந்திருக்கிறது என்றுகூட ஒரு பேச்சு வந்தது. அதில் மருந்தும் இல்லை, மாயமும் இல்லை. தண்ணீர் பூஜ்ஜியம் டிகிரியில் உறையும் என்று நாங்களே பாடம் நடத்துகிறோம். ஆனால் அசையாமல், மூடி இறுக்கமாக இருக்கும் பாட்டிலில் தண்ணீர் அதற்குக் கீழே நான்கைந்து டிகிரி போன பிறகும் உறையாமல் திரவமாகவே நிற்க முடியும். முதல் பனித்துகள் உண்டாக ஏதாவது ஒரு தூண்டுதல் வேண்டும். சோடாவில் மூடியைத் திறந்தவுடன் அழுத்தம் குறைகிறது, வாயு குமிழ்குமிழாகக் கிளம்புகிறது. அந்தக் கலக்கமே தூண்டுதலாகிவிடுகிறது. அப்போதும் பாட்டில் முழுவதும் கட்டியாவதில்லை. 5 டிகிரி கீழே போன தண்ணீரில் நூற்றுக்கு ஆறு பங்கு அளவுதான் அந்த நொடியில் பனியாகும். மெல்லிய பனி இழைகள் எல்லா இடத்திலும் ஓடுவதால் மொத்தமும் கூழ் போலத் தெரிகிறது.

கேன் விஷயம் வேறு, ஆபத்தானதும் அதுதான். தண்ணீர் பனியாகும்போது ஏறக்குறைய 9 சதவீதம் பெருக்கிறது. கேனுக்குள் அவ்வளவு காலி இடம் கிடையாது. அதோடு, கரைந்திருக்கும் வாயுவைப் பனி தனக்குள் ஏற்காது. மீதமிருக்கும் திரவத்துக்குள் தள்ளிவிடும். அங்கே அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். உள்நோக்கிக் குழிந்திருக்கும் அடித்தகடு முதலில் வெளியே புடைக்கும். அதற்குமேல் தாங்காவிட்டால் தகடு கிழியும்.

"கடையில் விற்கிற கலர் இப்படி உறைவதில்லையே, நீங்கள் வாங்கி வைத்தது மட்டும் ஏன்?" என்று ஒரு தகப்பனார் கேட்டார். நியாயமான கேள்வி. சர்க்கரை கலந்த பானம் உறைவதற்குச் சாதாரணத் தண்ணீரைவிட ஏறக்குறைய ஒரு டிகிரி கூடுதலாகக் குளிர வேண்டும். நாம் வைத்திருப்பது தண்ணீர் பாட்டில், மோர், இனிப்பில்லாத சோடா ஆகிய மூன்றும்தான். பள்ளி வளாகத்துக்குள்ளும் வாசலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்தவற்றை விற்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020-இல் விதி கொண்டுவந்திருக்கிறது. விதி இல்லாவிட்டாலும் கலர் பானங்களை நான் இங்கே அனுமதிக்கப் போவதில்லை. இனிப்பில்லாத சோடா சற்று முன்னதாக உறையும் என்பது உண்மைதான். ஆனால் அன்று இருந்த குளிரில் இனிப்புள்ள பானமும் தப்பித்திருக்காது.

இனி, ஏன் அவ்வளவு குளிர் ஏறியது என்பதற்கு வருகிறேன். அன்று காலையே மெக்கானிக் ஒருவரிடம் போனில் பேசினோம். பார்க்காமலே, "கேஸ் போயிருக்கும், கம்ப்ரசரையே மாத்திடலாம்" என்றார். கேஸ் என்பது மிஷினைக் குளிரவைக்கும் வாயு, கம்ப்ரசர் அதை அழுத்திச் சுற்றவிடும் மோட்டார். கேஸ் போனால் குளிர் குறைய வேண்டும். இங்கே குளிர் கூடியிருக்கிறது. சொன்ன காரணம் நோயோடு பொருந்தவில்லை. பெற்றோர் ஆசிரியர் கழகப் பணத்தை அந்த வார்த்தையை நம்பிச் செலவழிக்க எனக்கு மனம் வரவில்லை. பள்ளியின் எலக்ட்ரீஷியனையும் இயற்பியல் ஆசிரியரையும் உட்கார்ந்து பார்க்கச் சொன்னேன். பதினொன்றாம் வகுப்பு மாணவர்கள் ஆறு பேர் குறிப்பெடுத்தார்கள். மின்சார வேலை எதிலும் பிள்ளைகள் கை வைக்கவில்லை. மூன்றடி தள்ளி நின்றுதான் பார்த்தார்கள்.

முதலில் மிஷினை ஓடவிட்டு, ஆய்வகத் தெர்மாமீட்டரை உப்புத் தண்ணீர் நிறைந்த டம்ளருக்குள் போட்டு உள்ளே வைத்தார்கள். வெறும் காற்றில் வைத்தால் கதவைத் திறந்ததுமே அளவு ஏறிவிடும், அதற்காக டம்ளர். மறுநாள் காலை எடுத்துப் பார்த்தபோது பூஜ்ஜியத்துக்குக் கீழே 5 டிகிரி. அதே நேரத்தில் மிஷினின் முகப்பு 7 டிகிரி என்று காட்டிக்கொண்டிருந்தது. 4 டிகிரிக்கு வந்ததும் நிற்க வேண்டும் என்பது அதற்கு இட்ட கட்டளை. இன்னும் 7-இல்தான் இருக்கிறோம் என்று அது நம்பியதால் கம்ப்ரசர் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது.

அப்படியும் ஒரு சந்தேகம் மிச்சம். கம்ப்ரசர் நிற்காததற்கு, அதற்கு மின்சாரத்தை விட்டு நிறுத்தும் சுவிட்சான ரிலே ஒட்டிக்கொண்டதும் காரணமாக இருக்கலாம். அடிக்கடி கரண்ட் போய் வரும் ஊர்களில் ரிலேயின் முனைகள் தீய்ந்து ஒட்டிக்கொள்வது புதிதல்ல. எலக்ட்ரீஷியன் செய்த சோதனை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. நிற்க வேண்டிய அளவை 4-இலிருந்து 15-க்கு ஏற்றினார். முகப்பில் இருப்பதோ 7. ரிலே நன்றாக இருந்தால் உடனே நிற்க வேண்டும். 'டிக்' என்ற சத்தத்தோடு நின்றுவிட்டது. ரிலே சொன்னபடி கேட்கிறது. உள்ளே எத்தனை டிகிரி என்று அளந்து தகவல் கொடுக்கிற சென்சார்தான் தவறாகச் சொல்கிறது என்று அந்த ஒரு சத்தத்தில் தெரிந்துபோயிற்று.

அந்தச் சென்சார் மிளகாய் விதையைவிடச் சற்றுப் பெரிய ஒரு மணி. அதிலிருந்து இரண்டு கம்பிகள். குளிர் ஏறஏற அதன் மின்தடை கூடும். 25 டிகிரியில் 10,000 ஓம் இருக்கும் இந்த வகைச் சென்சார், உருகும் பனியில் மூன்று மடங்குக்கு மேல் காட்ட வேண்டும். இடித்த ஐஸும் தண்ணீரும் கலந்த டம்ளரில் அதை முக்கி, தடையை அளக்கும் மல்டிமீட்டரை வைத்தார்கள். 20,000 ஓம்தான் வந்தது. பூஜ்ஜியம் டிகிரியில் இருந்துகொண்டு 10 டிகிரி என்று சொல்லிக்கொண்டிருக்கிறது. கம்பி சேரும் இடத்தில் உறை வெடித்து, உள்ளே ஈரம் இறங்கியிருந்தது. அந்த ஈரத்தின் வழியாகவும் மின்சாரம் கசிந்ததால் தடை குறைந்து, குளிரைச் சூடாகக் காட்டியிருக்கிறது. வியப்பு என்னவென்றால், அறைச் சூட்டில் பார்த்தால் பிழை மூன்று நான்கு டிகிரிதான்; குளிரக் குளிரத்தான் பிழை பெரிதாகிறது. சென்ற மாதச் சர்வீஸில் வந்தவர்கள் கதவைத் திறந்துபோட்டுப் பார்த்துவிட்டு "எல்லாம் சரி" என்று எழுதிப் போனது இதனால்தான்.

ஈரம் எப்படி வந்தது? கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவே ஒரு தாளைச் செருகி மூடிவிட்டு இழுத்துப் பார்த்தார்கள். சுற்றிலும் தாள் இறுக்கமாகப் பிடித்தது. கீழ்மூலையில் மட்டும் வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. அங்கே கதவு ரப்பர் பிய்ந்திருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழைக்காற்று அந்த இடுக்கு வழியாக உள்ளே போய், குளிர்ச்சுருளில் பனியாகப் படிந்து, உருகிச் சென்சார் மேல் சொட்டியிருக்கிறது. சென்சாரும் ரப்பரும் மாற்ற ஆன செலவு ஆயிரம் ரூபாயைத் தொடவில்லை.

உங்கள் வீட்டு ஃபிரிட்ஜிலும் கீரையோ தயிரோ உறைந்தால் இதே வரிசையில் பார்க்கலாம்: திருகு எந்த எண்ணில் இருக்கிறது, காற்று வரும் துவாரத்தை ஒட்டிப் பாத்திரம் வைத்திருக்கிறோமா, ரப்பர் தாளைப் பிடிக்கிறதா. அதற்குமேல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். பின்பக்க மூடியை நீங்களே கழற்ற வேண்டாம்.

ஒரு விஷயத்தில் குற்றம் எங்கள் பக்கம். மழைக்காக மாவட்ட ஆட்சியர் வெள்ளியும் திங்களும் விடுமுறை விட்டிருந்தார். இடையில் சனி, ஞாயிறு. வியாழன் மாலைக்குப் பிறகு அந்தக் கதவு திறக்கவே இல்லை. பள்ளி நடக்கும் நாட்களில் தினமும் வெயில் சூட்டோடு புதுப் பாட்டில்கள் அடுக்குவோம். அந்தச் சூட்டை இறக்கவே கம்ப்ரசருக்கு நேரம் சரியாகிவிடும். அதனால் கோளாறு வெளியே தெரியாமல் இருந்திருக்கிறது. "ரொம்ப ஜில்லுனு இருக்கு சார்" என்று பிள்ளைகள் சொன்னபோது நாங்கள் சந்தோஷப்பட்டோம். ஆனால் நம் இரவுக் காவலர் சனிக்கிழமையே அலுவலகத்துக்கு போன் செய்து, "ராத்திரி பூரா அது நிக்காம ஓடுதுங்க, வழக்கமா நின்னு நின்னு ஓடும்" என்று சொல்லியிருக்கிறார். அது குறிப்பேட்டில் எழுதப்பட்டிருக்கிறது. யாரும் போய்ப் பார்க்கவில்லை. அன்றைக்கே ஒருவர் போயிருந்தால் செவ்வாய்க்கிழமை ஒரு பிள்ளை கையில் உப்பிய கேன் வந்திருக்காது. அதற்காக உங்களிடமும் அவரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். அவரை நேரில் பார்த்துச் சொல்லிவிட்டேன்.

மிஷினில் இருந்த எல்லாவற்றையும் அப்புறப்படுத்திவிட்டோம். தண்ணீர் பாட்டில்களைத் தோட்டத்துச் செடிகளுக்கு ஊற்றினோம். மோரையும் சோடாவையும் உருகிய பிறகும் யாருக்கும் கொடுக்கவில்லை. ஒருமுறை உறைந்து புடைத்த கேனின் மூட்டுகளை நம்ப முடியாது. செவ்வாயன்று காசு போட்டவர்கள் வகுப்பாசிரியரிடம் சொன்னால் போதும், பணம் திரும்பக் கிடைக்கும். ரசீதெல்லாம் கேட்க மாட்டோம்.

அன்று எடுத்த கேனை யாராவது பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தால் தயவுசெய்து திறக்காதீர்கள். வெயிலிலோ வெந்நீரிலோ வைக்க வேண்டாம். தடித்த துணியில் சுற்றி, ஒரு வாளிக்குள் வைத்து, தானாக உருகவிட்டுப் பிறகு குப்பையில் போடுங்கள். இன்னொன்று. திறந்ததும் உறையும் சோடாவைப் பார்த்துவிட்டு வீட்டு ஃபிரீசரில் அதைச் செய்து பார்க்கச் சில பிள்ளைகள் துடிக்கிறார்கள். ஆசை புரிகிறது. கண்ணாடி பாட்டிலோ கேனோ கண்டிப்பாகக் கூடாது. கோலி சோடா பாட்டில் உறைந்தால் கண்ணாடி தெறிக்கும். ஆய்வகத்தில் பிளாஸ்டிக் பாட்டில் தண்ணீரை வைத்து எல்லா வகுப்புக்கும் இதைச் செய்துகாட்ட இயற்பியல் ஆசிரியர் ஒத்துக்கொண்டிருக்கிறார்.

மிஷினையே எடுத்துவிடுங்கள் என்று சிலர் எழுதியிருக்கிறீர்கள். இரண்டு நாள் யோசித்தேன். வெயிலில் ஓடிவரும் பிள்ளைகளுக்கு மோர் கிடைப்பது நல்லது என்றே நினைக்கிறேன். கேன்களை மட்டும் இனி வைக்கப் போவதில்லை. குடிநீர்க் குழாய்கள் ஒவ்வொரு தளத்திலும் இருக்கின்றன, அதற்குக் காசு இல்லை. எந்தப் பிள்ளையும் இந்த மிஷினுக்காக வீட்டில் பத்து ரூபாய் கேட்டு நிற்க வேண்டிய அவசியம் இல்லை. அப்படிக் கேட்டால் எனக்குச் சொல்லுங்கள்.

சென்சார் மாற்றியாகிவிட்டது. இனி மூன்று இரவு காலியாக ஓடவிட்டுப் பார்ப்போம். டம்ளர் தெர்மாமீட்டர் 2 டிகிரிக்குக் கீழே இறங்காவிட்டால்தான் பாட்டில் அடுக்குவோம். மிஷின் பக்கத்தில் ஒரு நோட்டு தொங்கும். காலை ஆறு மணிக்கும் இரவு ஒன்பது மணிக்கும் அளவைப் பார்த்து இரவுக் காவலர் அதில் எழுதுவார். அவர் எழுதியதை முதல் மணி அடிப்பதற்குள் நான் படித்துக் கையெழுத்துப் போடுவேன். பள்ளிக்கு வரும்போது நீங்களும் அந்த நோட்டைப் புரட்டிப் பார்க்கலாம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்