அட்டையின் பின்பக்கத்தையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் பெங்களூரின் லால்பாக் தோட்டம், கப்பன் பூங்கா ஆகியவற்றின் பழைய தபால் அட்டைகள் ஆறை வண்ணத்தில் போட்டிருந்தீர்கள். அல்சூரில் எங்கள் வீட்டில் அந்தப் பக்கம் கைமாறிக் கைமாறிக் கசங்கியே போயிற்று. ஒரே ஒரு குறை: ஆறுக்கும் முகத்தை மட்டும் காட்டி, முதுகை மறைத்துவிட்டீர்கள்.

லால்பாக்கின் கண்ணாடி மாளிகைப் படத்துக்குக் கீழே ‘1890களில்’ என்று குறித்திருக்கிறீர்கள். எதை வைத்துச் சொன்னீர்கள்? மாளிகைக்கு அடிக்கல் நாட்டியது 1889 நவம்பரில். கிழக்குப் பக்கம் நீட்டிக் கட்டியது 1935இல். உங்கள் படத்தில் அந்த நீட்சி இல்லை. ஆக, இடைப்பட்ட 46 ஆண்டுகளில் எப்போது வேண்டுமானாலும் எடுத்த படமாக இருக்கலாம். அதற்கு மேல் படத்திடம் கேட்டுப் பயனில்லை. அட்டையைத் திருப்பித்தான் பார்க்க வேண்டும். அந்தக் காலத்தில் பின்பக்கம் முழுவதும் விலாசத்துக்கே. சேதியைப் படத்தின் ஓரத்தில் நெருக்கி எழுதுவார்கள். நடுவே கோடு போட்டு இடப்பக்கம் சேதி, வலப்பக்கம் விலாசம் என்ற ஏற்பாட்டை இங்கிலாந்து அனுமதித்ததே 1902இல்தான். மற்ற நாடுகள் அதன் பிறகு. கோடு இருந்தால் அட்டை 1890களில் அச்சானதாக இருக்க முடியாது. தபால் தலையில் இருக்கும் மன்னர் ஏழாம் எட்வர்டா, ஐந்தாம் ஜார்ஜா என்று பார்த்தால் இன்னும் நெருங்கலாம்.

வண்ணத்தையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். இங்கே எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்கள் பல ஜெர்மனிக்குப் போய் அச்சாகி வந்தவை. லால்பாக்கைக் கண்ணால் காணாத யாரோ ஏற்றிய நிறம் அது. என்னிடம் உள்ள ஓர் அட்டையில் புல் நீலமாக இருக்கிறது!

அவென்யூ ரோடு நடைபாதைப் புத்தகக் கடையில் 20 ரூபாய்க்கு வாங்கிய அட்டை அது. கன்டோன்மென்ட் முத்திரை, வேலூருக்குப் போயிருக்கிறது. பின்னால் பென்சிலில் தமிழ். அரிசி விலை, அக்காள் பிரசவம், கடைசியில் ஒரு வரி: ‘மறுபுறம் கண்ட தோட்டத்துக்கு நான் இன்னும் போகவில்லை, லீவு கிடைக்கவில்லை.’ லால்பாக்கைப் பற்றி நான் படித்ததிலேயே எனக்குப் பிடித்த வரி இதுதான்.

இன்னோர் அட்டை இருந்தது, கப்பன் பூங்கா. சட்டம் போடக் கொடுத்தேன். கடைக்காரர் முதுகு முழுக்கக் கோந்து தடவி வேறொரு தடித்த அட்டையில் ஒட்டிக் கொடுத்துவிட்டார். இப்போது சுவரில் அழகாகத் தொங்குகிறது. யார் யாருக்கு எழுதியது என்பது அவ்வளவுதான். தபால் தலைக்காக மூலையைக் கிழித்துக்கொள்கிறவர்களைப் பற்றித் தனியாக ஒரு கடிதமே எழுதலாம்.

அடுத்த முறை இரண்டு பக்கங்களையும் போடுங்கள். கோந்து படாமல் திரும்பி வரும் என்றால் என் வேலூர் அட்டையையும் அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
அல்சூர், பெங்களூரு