வேப்பமுத்துக் காலம்

கமுதி,
ஆடி மாதம்.

அன்புள்ள மாப்ளைக்கு,

கடிதம் கிடைத்தது. பேத்திக்குக் காது குத்திய சேதியில் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். இங்கே முழங்கால் வலி தவிரக் குறையொன்றுமில்லை.

உன் மூன்று ஏக்கர் மானாவாரியில் எண்ணெய் மரம் வைக்கலாமா என்று கேட்டிருந்தாய். தாராளமாக வை. காட்டாமணக்கு மட்டும் வேண்டாம். 2003இல் மத்தியத் திட்டக் குழு அறிக்கை வந்த கையோடு, அதன் விதையெண்ணெயால் தரிசில் டீசல் விளையும் என்று ஊர் ஊராகச் சொன்னார்கள். தண்ணீரில்லாமல் அது உயிரோடு நிற்கும்தான், காய்க்க வேண்டாமா? ஆடு கூடக் கடிக்காது. 2017க்குள் டீசலில் 20 சதவீதம் இந்த மாதிரி எரிபொருளைக் கலப்போம் என்று 2009இல் கொள்கை வேறு போட்டார்கள். நட்டவர்கள் பலர் பிடுங்கி எறிந்ததுதான் மிச்சம்.

வேம்பை யாரும் திட்டம் போட்டு நடவில்லை. காக்கை போட்ட விதையில் வரப்பிலும் கண்மாய்க்கரையிலும் தானாக நிற்கிறது. காட்டுவேலை இல்லாமல் கை காய்ந்து கிடக்கும் ஆனி, ஆடியில்தான் பழம் உதிர்கிறது. விடியுமுன்பே விளக்குமாறும் சாக்குமாகப் பெண்கள் கிளம்பிவிடுவார்கள். கூட்டி அள்ளி, சதையைப் பிசைந்து கழுவி, நிழலில் உலர்த்த வேண்டும். நடுவில் ஒரு மழை விழுந்தால் பூஞ்சணம் பிடித்துவிடும். கமிஷன் கடைக்காரர் நாலு முத்தை எடுத்து உடைத்து நகத்தால் கீறிப் பார்ப்பார். பருப்பு பச்சையாக இருந்தால் நல்ல விலை, பழுப்பேறியிருந்தால் அடிமாட்டு விலை. 2015 முதல் நம் நாட்டு யூரியா முழுக்க வேப்பெண்ணெய் பூசித்தான் வருகிறது, ஆகவே ஆலைக்காரர்களுக்கு முத்து தேவை.

மவுசு ரொம்பக் கூடினாலும் எனக்குப் பயம்தான். யாரும் பொறுக்கலாம் என்று இருப்பதால்தான் காணி நிலம் இல்லாதவள் கையிலும் நாலு காசு புரளுகிறது. புளியமரம் மாதிரி இதையும் ஏலம் விட்டால் குத்தகைக்காரன் அவளை அண்ட விடுவானா?

உன் நிலத்தில் வரப்போரம் வேம்பும் புங்கையும் வை. புங்கை 5, 6 வருஷத்தில் காய்க்கும், தழையை உழவில் மிதிக்கலாம். இலுப்பைக்கு 10 வருஷமாவது பொறுக்க வேண்டும், பேத்தி பேரில் இரண்டு போதும். நடுவில் வழக்கம்போலக் குதிரைவாலியே இருக்கட்டும். முள்வேலி போடப்போவதாக எழுதியிருக்கிறாயே, முத்து பொறுக்க வருபவர்களுக்கு ஒரு கடவு விட்டுப் போடு.

கன்றுக்கு நான் சொல்லி வைக்கிறேன். ஐப்பசி மழைக்கு முன்னால் வந்து சேர். தங்கச்சியையும் கூட்டி வா.

உன் சேக்காளி