வாக்கியம் முடியட்டும், கண்ணா

அன்புள்ள கண்ணா,

"நான் காது கொடுத்துத்தாம்மா கேட்கிறேன். ஆனா கேட்கவே இல்லைன்னு அவ சொல்றா" என்று உன் மனைவியைப் பற்றிப் போனில் வருத்தப்பட்டாய். இரண்டுமே உண்மையாக இருக்கலாம். அவள் பேசுவது உன் காதில் விழுகிறது. ஆனால் பாதி வாக்கியத்திலேயே உன் மனசு பதிலைத் தேடக் கிளம்பிவிடுகிறது. இதைக் குணக்கேடு என்று நினைக்காதே. பேச்சின் வேகம் அப்படி. பத்து மொழிகளில் கேள்வி பதில்களை அளந்து 2009-இல் வெளியான ஆய்வில், ஒருவர் கேட்டு முடித்ததும் அடுத்தவர் பதில் தொடங்க எடுத்துக்கொண்ட இடைவெளி பொதுவாக ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்குதான். ஒற்றைச் சொல்லை யோசித்து வாய்க்குக் கொண்டுவரவே அரை நொடிக்கு மேல் ஆகும். அப்படியென்றால், எதிரில் இருப்பவர் பேசிக்கொண்டிருக்கும்போதே பதிலைத் தயார் செய்துவிடுகிறோம் என்றுதானே அர்த்தம்?

தமிழில் இது இன்னும் ஆபத்து. நமக்கு வினைச்சொல் கடைசியில் வரும். 'இல்லை' என்பதும் கடைசியில்தான் வரும். "உங்க அக்கா பேசினதுல எனக்கு வருத்தம்..." என்று அவள் தொடங்கியதுமே நீ அக்காவுக்காக வாதாடப் போய்விட்டால், "...எதுவும் இல்ல. நீங்க அங்கே ஒரு வார்த்தை பேசியிருக்கலாம்" என்ற மீதி வெளியே வராமலே போய்விடும். அவள் சொல்ல வந்தது அக்காவைப் பற்றியே இல்லை. அதனால் வினைச்சொல் வரும்வரை பொறு. வந்த பிறகும் ஒரு மூச்சு இழுத்துவிடும் நேரம் சும்மா இரு. முதல் சில நாள் அந்த மௌனம் உனக்கு நீளமாகத் தெரியும். மனசில் உள்ளது பல நேரம் அந்த மூச்சுக்குப் பிறகுதான் வெளியே வரும்.

இப்படிக் கேட்டால் பேச்சு முடியவே முடியாது என்று பயப்படாதே. அமெரிக்காவில் 1984-இல் 74 மருத்துவ சந்திப்புகளை ஆராய்ந்தபோது, நோயாளி பேசத் தொடங்கி சராசரியாக 18 நொடியில் டாக்டர் குறுக்கிட்டிருந்தார். பிறகு சுவிட்சர்லாந்தில் 335 நோயாளிகளைக் குறுக்கிடாமல் பேசவிட்டுப் பார்த்தார்கள். 2002-இல் வெளியான அந்த முடிவின்படி, அவர்கள் தாமாகவே பேசி முடிக்க எடுத்த நேரம் சராசரியாக 92 நொடி. நாலில் மூன்று பேருக்கு மேல் இரண்டு நிமிடத்துக்குள் முடித்துவிட்டார்கள். வீட்டுப் பேச்சு அதைவிட நீளும்தான். ஆனாலும் முதல் இரண்டு நிமிடத்தை முழுசாக அவளிடம் விட்டுவிடு.

இனி, அவள் ஆபீஸிலிருந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டே, "இன்னைக்கும் லீவு தரல" என்கிறாள் என்று வை. சட்டென்று நம் வாயில் வரும் பதில்கள் மூன்று. "மெயில் போட்டுக் கேளு": இது அவளுக்குத் தெரியாத யோசனை இல்லை. "எங்க ஆபீஸ்லயும் இப்படித்தான்": இனி பேச்சு உன்னைப் பற்றியதாகிவிடும். "விடு, இதெல்லாம் சகஜம்": அன்பாகத்தான் சொல்கிறாய். ஆனால் பேச்சை மூடு என்றுதான் அவளுக்குக் கேட்கும். அந்த வாக்கியத்தில் நீ பிடிக்க வேண்டியது லீவை அல்ல, 'இன்னைக்கும்' என்பதில் உள்ள 'உம்'மை. ஏற்கெனவே கேட்டிருக்கிறாள், மறுத்திருக்கிறார்கள். "இன்னைக்குமா?" என்று மட்டும் கேள். மீதி தானாக வரும். நம் மொழியில் ஆதங்கம் இந்தச் சின்னச் சின்ன ஒட்டுகளிலும் சொற்களிலும்தான் உட்கார்ந்திருக்கும். 'ஒரு போன்கூட', 'தலைவலி வேற', 'நான்தான்' என்று காதில் விழுந்தால் அந்த இடத்தில் நில்.

'ம்' கொட்டுவதிலும் பக்குவம் உண்டு. கடிகாரம் மாதிரி ஒரே சீராக 'ம்... ம்...' என்றால் நீ வேறெங்கோ இருக்கிறாய் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். "சாயங்காலம் கிளம்பலாம்னு பார்த்தா..." என்று அவள் நிறுத்தும் இடத்தில்தான் 'ம்' விழ வேண்டும். 'சரி சரி' என்று வேகமாகச் சொன்னால் 'சீக்கிரம் முடி' என்று பொருள். 'ஏன்' என்று தொடங்கும் கேள்வியையும் குறைத்துக்கொள். "ஏன் அவர்கிட்ட போய்ச் சொன்ன?" என்பது விசாரணை போல் இருக்கும். "அப்புறம் என்ன ஆச்சு?" என்றால் வழி திறக்கும்.

அவள் முடித்த பிறகு, புரிந்துகொண்டதை உன் வார்த்தையில் ஒரே வாக்கியமாகச் சொல்லிப் பார். "லீவு கிடைக்காததைவிட, எல்லார் முன்னாடியும் சொன்னதுதான் கஷ்டமா இருக்கா?" அவள் வார்த்தையையே கிளிப்பிள்ளை போலத் திருப்பிச் சொன்னால் எரிச்சல்தான் வரும். "இல்ல, அது இல்ல" என்று அவள் மறுத்தால் நல்லதே. உடனே உன் பக்கத்து நியாயத்தைச் சொல்லாமல் இரு. உண்மையான காரணம் அடுத்த வாக்கியத்தில் வரும். யோசனை சொல்லவா, கேட்டால் மட்டும் போதுமா என்பதை அதற்கப்புறம் அவளிடமே கேள்.

"என்னாச்சு?" என்றதற்கு "ஒண்ணுமில்ல" என்று பதில் வந்தால் துருவாதே. "சரி, தோணும்போது சொல்லு" என்று ஒரு தடவை சொல்லிவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து பூண்டு உரி. கைக்கு வேலை இருந்தால் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாததையும் சொல்ல வரும். செல்போன் அந்தக் கணக்கில் சேராது. அதில் நீ படிப்பதும் வார்த்தை, அவள் பேசுவதும் வார்த்தை. ஒன்றைத்தான் உன்னால் பின்தொடர முடியும். நிஜமாகவே வேலை இருந்தால், "இந்த மெயிலை அனுப்பிட்டு இருபது நிமிஷத்துல வரேன்" என்று நேரத்தோடு சொல். சொன்னபடி நீயே போய் உட்கார். அவளாக மறுபடி வந்து ஆரம்பிக்கட்டும் என்று காத்திருந்தால், அந்தப் பேச்சு அன்றைக்கு அதோடு போயிற்று.

போனில் முகம் தெரியாததால் 'ம்' கொஞ்சம் கூடுதலாக வேண்டும். ஆனால் ஸ்பீக்கரில் போட்டுப் பேசினால் உன் 'ம்' எதிர்முனையில் பேசுபவரின் குரலையே சில நேரம் வெட்டிவிடும், இயர்போன் போட்டுக்கொள். தாத்தாவிடம் பேசும்போது இதை மறக்காதே. அவர் சொன்ன கிணற்றுக் கதையையே சொல்வார். "இது தெரியும் தாத்தா" என்று சொல்லிவிடாதே. இதுவரை கேட்காத ஒன்றைக் கேள்: அந்தக் கிணறு வெட்ட எத்தனை பேர் வந்தார்கள், கூலி என்ன, மண் எங்கே போனது. காலையில் பத்து மணிக்கு மேல் கூப்பிடு. டி.வி. ஓடாத நேரம் அதுதான்.

அன்புடன்,
அம்மா