எழுத்து ஒண்ணுன்னா மொழியும் ஒண்ணா? மொழிபெயர்ப்பு ஆப் நடத்துறவங்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம் சார், மேடம்.

கடைசியா விட்ட அப்டேட்ல நீங்க என்ன பண்ணீங்கன்னு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல. மொழிய செலக்ட் பண்ற பட்டன தூக்கிட்டீங்க, இனிமே எல்லாம் ஆட்டோவாம். ஆனா ஃபார்சி (பாரசீகம்), உருது, குர்திஷ்ல ஒரு வகையான சொரானி, மூணையும் அரபு எழுத்துலதான் எழுதுறாங்க, உங்க ஆப் அங்கதான் கொழம்புது. அந்த பட்டன திருப்பிக் குடுங்கன்னு கேக்கத்தான் இந்த லெட்டர்.

நான் டெல்லில ஒரு ஆஸ்பத்திரில வெளிநாட்டு பேஷண்ட்ஸ் டெஸ்க்ல இருக்கேன், காபூல்லேர்ந்து வர்றவங்க நெறைய. அன்னிக்கு ஒரு பையன், அப்பாவ எப்போ வார்டுக்கு மாத்துவீங்கன்னு அவங்க ஊரு ஃபார்சில டைப் பண்ணி நீட்டுறான். அதுல 'இந்திகால்'னு ஒரு வார்த்தை. அரபுலேர்ந்து வந்தது, ஃபார்சில அதுக்கு இடம் மாத்துறதுன்னு அர்த்தம், ரத்தம் ஏத்துறதுக்குக்கூட அதே சொல்லத்தான் போடுவாங்க. உருதுல ஒரு எழுத்துகூட மாறாது, ஆனா காலமாயிட்டார்னு மரியாதையா சொல்றதுக்கு அதுதான் வார்த்தை. உங்க ஆப் உருதுன்னு முடிவு பண்ணி "நோயாளியின் மரணம் எப்போது"ன்னு காட்டுது. டெஸ்க்ல இருந்த புதுப் பொண்ணு பதறிப்போயி ஃபைல புரட்டுறா, அவ மூஞ்சிய பாத்த அந்தப் பையன் அப்பாவுக்கு ஏதோ ஆயிடுச்சுன்னே நெனச்சுட்டான். டாக்டர் வந்து அவர் நல்லாத்தான் இருக்கார்னு சொல்ற வரைக்கும் அவன் கை நடுக்கம் நிக்கல. அப்பவும் உங்க ஆப், எனக்கு அஞ்சு ஸ்டார் குடுங்கன்னு ஸ்க்ரீன்ல குதிக்குது சார். அந்த ஒரு வரிய மட்டும் எல்லா மொழியிலயும் தப்பில்லாம கேக்கத் தெரியுது.

இதோட முடியல. பே, யே, ரே, மூணே எழுத்து, 'பீர்'. ஃபார்சிலயும் குர்திஷ்லயும் வயசானவர். உருதுல சூஃபி பெரியவர், நம்ம தக்கலை பீர் முகமது அப்பா பேர்ல வர்ற அதே பீர். அதே பீர்தான் அங்க திங்கக்கிழமையும், அதையே 'பைர்'னு படிச்சா கால். திங்கக்கிழமை வாங்கன்னு உருதுல குடுத்த சீட்டு "கிழவர் வரவும்"னு வந்து நிக்குது. 'மார்'னா ஃபார்சிலயும் குர்திஷ்லயும் பாம்பு, உருதுல பேச்சு வழக்குல அடி, உதை. பாம்பு கடிச்சு வந்தவர அடிதடி கேஸ்ல சேத்துருவீங்க போல.

'ஷீர்' இன்னும் மோசம். பாலும் அதான் சிங்கமும் அதான். பாலுக்கான ஷீர் நம்ம க்ஷீரசாகரத்துல வர்ற க்ஷீரத்துக்கு ஒண்ணுவிட்ட தங்கச்சி. ஈரான்ல ரெண்டையும் ஒரே மாதிரிதான் சொல்றாங்க, காபூல்லயும் உருதுலயும் சிங்கத்துக்கு ஷேர்னு வாய் மாறும், எழுத்து மாறாது. சொரானி குர்திஷ்காரங்கதான் ஒழுங்கா சிங்கத்தோட யே மேல ஒரு சின்னக் குறி போட்டு பிரிச்சு வச்சிருக்காங்க. உங்க ஆப் அந்தக் குறிய அழுக்குன்னு நெனச்சு தொடச்சுருது! தேவநாகரில இருக்குங்கறதுக்காக மராத்தியையும் நேபாளியையும் இந்தின்னு சொல்லுவீங்களா, சொன்னா சும்மா விடுவாங்களா? குர்திஷ்னா கேக்க ஆள் இல்ல, அதானே.

சரி, கோவத்துல பேசிட்டேன். தாழ்மையா கேட்டுக்கறேன், பட்டன திருப்பிக் குடுங்க. எந்த மொழின்னு டைப் பண்றவங்ககிட்ட ஒரு வார்த்தை கேளுங்க. ரெண்டு மொழியில ரெண்டு அர்த்தம் வர்ற சொல்லுன்னா ரெண்டையுமே காட்டுங்க, நாங்க பாத்துக்கறோம். அடுத்த அப்டேட்டுக்கு முன்னாடி சொரானி பேசுற ஒருத்தர்கிட்டயாவது காட்டிட்டு விடுங்க, ப்ளீஸ்.