கோடை விடுமுறையில் எங்களை வார்டுக்குள் விடுங்கள்: தேசிய மருத்துவ ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

தேசிய மருத்துவ ஆணையத்தின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நான் ரஷ்யாவில் ஐந்தாம் ஆண்டு மருத்துவம் படிக்கும் தமிழ்நாட்டு மாணவி. வெளிநாட்டில் படிப்பவர்களுக்காக நீங்கள் 2021 நவம்பரில் கொண்டுவந்த விதிகளின்படிதான் படிக்கிறோம். குறைந்தது 54 மாதப் படிப்பு, ஆங்கில வழி, அதே கல்லூரியில் 12 மாதப் பயிற்சி, ஊர் திரும்பியதும் இன்னொரு 12 மாதம். இதில் எனக்கு எந்த எதிர்ப்பும் இல்லை. இந்தக் கணக்கில் வராத ஒன்றை, நம் ஊர் நோயாளிகளிடம் பேசி விசாரித்துப் பழகுவதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

எங்கள் நாள் எப்படிப் போகிறது என்று சொல்கிறேன். குளிர்காலத்தில் முதல் வகுப்புக்குக் கிளம்பும்போது வெளியே இருட்டாகவே இருக்கும். ஒரு வகுப்பை இங்கே ‘பாரா’ என்பார்கள், 90 நிமிடம். விரிவுரை முடிந்ததும் பஸ் பிடித்து மருத்துவமனைக்கு ஓட வேண்டும். மேல் வகுப்புகளில் பாடங்கள் சுழற்சியாக வரும். சில வாரம் இதயவியல் மட்டும், அது முடிந்தால் நரம்பியல் மட்டும். சின்னக் குழு என்பதால் ஆசிரியர் தினமும் ஒவ்வொருவரையும் எழுப்பிக் கேள்வி கேட்பார். ஒரு நாள் வராவிட்டால் ‘ஒத்ரபோத்கா’, அதாவது விட்ட பாடத்தை இன்னொரு நாள் போய் ஒப்பிக்க வேண்டும். இந்தக் கண்டிப்பு எனக்குப் பிடித்திருக்கிறது. உடற்கூறியலும் நோய்க்கூறியலும் இப்படித்தான் மனதில் நின்றன.

கட்டிலருகே போனதும் நிலைமை மாறிவிடுகிறது. நெஞ்சுவலியோடு வந்த ஒரு பாட்டி தன் கதையை ரஷ்ய மொழியில் வேகமாகச் சொல்லிக்கொண்டே போகிறார். முதலாண்டிலிருந்து படித்த ரஷ்ய மொழி, எங்கே வலிக்கிறது, எப்போதிலிருந்து என்று கேட்க உதவுகிறது. அவர் சொல்லும் பதிலில் பாதி நழுவிவிடுகிறது. ஆசிரியர் அதை ஆங்கிலத்தில் ஒரே வரியில் சுருக்கிச் சொல்வார், நாங்கள் எழுதிக்கொள்வோம். வலி அடைப்பது போலவா எரிவது போலவா, நடந்தால் கூடுகிறதா, இடது கைக்கு இறங்குகிறதா, இவற்றையெல்லாம் நோயாளி வாயிலிருந்து நாங்களே வாங்கப் பழகவில்லை. ஆங்கில வழி என்ற விதி வகுப்பறைக்குச் சரி. நோயாளிக்கு அது பொருந்தாதே!

இரவில் விடுதியில் இன்னொரு படிப்பு தொடங்கும். வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர்கள் இந்தியாவில் மருத்துவராகத் தேற வேண்டிய எஃப்.எம்.ஜி.இ. தேர்வுக்கான காணொளிப் பாடங்கள். 300 கேள்விகளில் 150 சரியாக இருந்தால் தேர்ச்சி. இந்தத் தேர்வு நடந்த பல தடவைகளில், எழுதியவர்களில் நாலில் ஒரு பங்கினர்கூடத் தேறவில்லை என்பது உங்களுக்கே தெரியும். கேள்வி எல்லாம் கொள்குறி வகைதான் என்பதால், அதில் தேறியவரும் தமிழில் ஒரு நோயாளியிடம் முழுதாக விசாரித்திருக்க வேண்டும் என்பதில்லை. பயிற்சி மருத்துவராக முதல் நாள் டியூட்டிக்கு நிற்கும்போதுதான் பலர் அதைத் தொடங்குகிறோம். அப்போது எதிரே இருப்பவர் நிஜமான நோயாளி.

என் கோரிக்கை இதுதான். ஜூலை, ஆகஸ்டில் எங்களுக்கு விடுமுறை. அந்த நாட்களில் நான்காம், ஐந்தாம் ஆண்டு மாணவர்களை நம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் ஒரு மாதம் அதிகாரபூர்வமாக அனுமதியுங்கள். படிப்பின் எந்தப் பகுதியும் இந்தியாவில் நடக்கக் கூடாது என்ற உங்கள் விதியை மாற்றச் சொல்லவில்லை. இந்த மாதத்தை 54 மாதத்தில் சேர்க்கவே வேண்டாம். ஊசி போட வேண்டாம், மருந்து எழுத வேண்டாம். நோயாளியிடம் பேசி, விசாரித்ததை எழுதி, ஒரு மருத்துவரிடம் காட்டித் திருத்திக்கொண்டால் போதும்.

ஏற்கெனவே அங்கே படிக்கும் மாணவர்களின் கூட்டமே அதிகம் என்பீர்கள். நியாயம்தான். வெளிநாட்டில் படித்தவர்களின் பயிற்சி இடங்களுக்கு 7.5 சதவீதம் என்று வரம்பு வைத்தீர்களே, அதுபோல இதற்கும் ஒன்று வையுங்கள். தமிழ்நாட்டில் 2022 ஜனவரியில் மட்டும் விருதுநகர், ராமநாதபுரம், அரியலூர் உட்பட 11 அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. சென்னை, மதுரையிலேயே எல்லோரும் குவிய வேண்டியதில்லை. இப்போது சிலர் தெரிந்த டாக்டரைப் பிடித்துத் தனியார் மருத்துவமனையில் ஓரமாக நின்று பார்க்கிறார்கள். அப்படி யாரையும் தெரியாத வீட்டுப் பிள்ளைகளுக்கு அதுவும் கிடையாது. கடன் வாங்கி எங்களை அனுப்பிய குடும்பங்களில் அப்படிப்பட்டவர்கள்தான் அதிகம்.

சட்டத் திருத்தம் வரை போகாமல் ஒரு சுற்றறிக்கையிலேயே இதைச் செய்ய முடியும் என்று நம்புகிறேன். வரும் மே மாதத்துக்குள் அறிவித்தால், விமான டிக்கெட் எடுக்கும்போதே நாங்கள் திட்டமிட்டுக்கொள்வோம்.

இப்படிக்கு,
ரஷ்யாவில் படிக்கும் ஒரு மருத்துவ மாணவி